மூன்று மிடறு தண்ணீர்

செலஸ்ரீனா அந்த வாக்கைக் கொடுத்தது ஒரு படிக்கட்டில் வைத்து. 2006ஆம் ஆண்டு, தவக்காலம் தொடங்கிய கிழமை. இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைக் கழுவுவதுதான் அவளுக்கும் அபெனாவுக்கும் வேலை. ஒருத்தி சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க, மற்றவள் துடைத்துக்கொண்டே இறங்குவாள். செலஸ்ரீனா மன்னார், அபெனா கானா நாட்டுக் குமாசி. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் படிகளில் பொறுக்கிய இத்தாலியன்தான். அதை வைத்துக்கொண்டு நாலு வருடமாக ஊர் வம்பெல்லாம் கதைத்துத் தீர்த்தார்கள்.

அன்றைக்கு நாலாம் மாடியில் அபெனா துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஈரல் பழுதாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள்.

"சொரெல்லா, எனக்கு ஒரு உதவி செய்வியோ?" என்றாள். சொரெல்லா என்றால் இத்தாலியனில் சகோதரி. "எங்கட அசாந்தே ஆக்களில ஒருத்தர் சாகேக்கை, தாய்வழிப் பொம்பிளை ஒருத்தி வாயில தண்ணி விடவேணும். மூண்டு மிடறு. போற வழியில ஒரு மலை இருக்கு. தண்ணி குடியாமல் அதை ஏறேலாது."

"வேற ஆக்கள் இல்லையே?"

"குளிப்பாட்டுறது, உடுத்துறது, பாட்டுச் சொல்லி அழுறது, எல்லாம் பொம்பிளையளின்ர வேலைதான். அதுக்கு எங்கட கானாச் சங்கத்தில மூத்த சிஞ்ஞோரா செர்வா வருவா. ஆனால் தண்ணி அந்த நேரத்துக்குக் கிடைக்கவேணும். நீதான் எனக்குப் பக்கத்தில இருக்கிறாய். ஊரில அம்மாட்டைப் போனில கேட்டனான். நீ குடுத்தால் அது அவவே குடுத்த மாதிரி எண்டு சொல்லிப்போட்டா."

"இதென்ன பெரிய காரியமே! தண்ணிதானே, நான் தாறன்," என்றாள் செலஸ்ரீனா. தவித்த வாய்க்குத் தண்ணீர் விடவும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் விடும்போது சொல்லவேண்டியதையும் கேட்டுப் பாடமாக்கினாள். 'அபெனா, இந்தத் தண்ணியைக் குடி. போற வழியில எங்களுக்குக் கெடுதல் நினையாதை. இந்த வீட்டுப் பொம்பிளையளுக்குப் பிள்ளை வரம் குடு.'

வாய் வாக்குக் கொடுத்துவிட்டது. கைக்கு அல்லவா அது முடியவேண்டும்? படி கழுவ வருவதற்கு முன் செலஸ்ரீனா ஒரு கிழவியைப் பராமரித்தாள். படுத்த படுக்கையில் கிடந்த அந்த மனுசிக்கு ஒருநாள் கரண்டியால் சூப் பருக்க, அது மூச்சுக்குழலில் இறங்கி, இரண்டாம் நாள் ஆள் போய்விட்டது. மகன்காரன் கொலைகாரி என்று கத்தினான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அரை நாள் இருத்தி வைத்து விசாரித்து, குற்றமில்லை என்று விட்டார்கள். விட்டால் என்ன, சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடுமா? அதற்குப் பிறகு படுத்திருக்கிற ஒருவருக்கும் அவள் வாயில் ஒன்றும் வைத்ததில்லை. புருசன் கிறிகோரி காய்ச்சலில் முனகினால்கூட, "எழும்பி நிமிந்து இருந்தால்தான் தேத்தண்ணி," என்று அவனை இழுத்து இருத்திவிடுவாள்.

சித்திரை மாதம் அபெனாவை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பெரிய வியாழன் அன்று பின்னேரம் செலஸ்ரீனாவின் முறை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்கள்: வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றலாம், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அபெனா கண்ணைத் திறந்தாள். கண் தெளிவாக இருந்தது.

"சொரெல்லா, இப்ப," என்றாள். "தண்ணி."

செலஸ்ரீனாவுக்கு விளங்கியது. விளங்காமல் இல்லை, அதுதான் கொடுமை. போத்தலைத் திறந்து கிளாசில் வார்த்தாள். மற்றக் கையை அபெனாவின் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். "அபெனா, இந்தத் தண்ணியை..." என்று தொடங்கியும் விட்டாள். அடுத்த கட்டிலுக்குப் பார்க்க வந்த ஒரு பலெர்மோக்காரி எட்டிப் பார்த்து, "ஐயோ சிஞ்ஞோரா, கடதாசியை வாசியுங்கோ!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். பிடரிக்குக் கீழே கொடுத்த கையை எடுத்துவிட்டாள். கிழவியின் மகன் போட்ட சத்தம் காதுக்குள் கேட்டது. நாட்டில் தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்து அது இன்னும் கைக்கு வரவில்லை, ஒன்றிலும் மாட்டுப்படாதே என்று கிறிகோரி காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தான்.

"கொஞ்சம் பொறு அபெனா. நேர்ஸிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு ஓடி வாறன்."

அபெனா அவளுடைய சட்டையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலமில்லை. செலஸ்ரீனா விரல்களைப் பிரித்துவிட்டுப் போனாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் நேர்ஸ் போனில் கதைத்துக்கொண்டு நின்றாள். குறுக்கே விழுந்து கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டு வேலைக்குப் போய்ப் பழகியவளுக்கு, பெரிய இடத்து மனுசர் கதைக்கும்போது வாய் திறக்க வருமா? இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்தபடி, பாடசாலைப் பிள்ளை மாதிரி ஓரமாக நின்றாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும்.

நேர்ஸ் போனை வைத்துவிட்டு அவளையும் கிளாசையும் பார்த்தாள். "அவ கேட்டவவோ? குடுங்கோ, அம்மா. கடைசி நேரம்தானே. இனி ஒரு மிடறு என்ன செய்யப்போகுது?"

ஓடினாள். அபெனாவின் தலை பக்கவாட்டில் சரிந்திருந்தது. வாய் திறந்தபடி கிடந்தது. செலஸ்ரீனா அந்த வாய்க்குள் தண்ணீரை வார்த்தாள். "குடி அபெனா, குடி, என்ர ராசாத்தி, குடி." வார்த்த தண்ணீர் கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. அந்தப் பலெர்மோக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கிறிகோரி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசர்களும் புத்தி சொல்லும்போது பார்க்கவேண்டும்.

"நாளைக்கு அவளின்ர ஆக்கள் கேட்டால், தண்ணி குடுத்தனான் எண்டு சொல்லிவிடு. செத்தவள் வந்து சாட்சி சொல்லப்போறாளே?"

"பொய் சொல்லச் சொல்லுறியளோ? நாளைக்குப் பெரிய வெள்ளி."

"அந்தத் தாய் நிம்மதியா இருக்கட்டுமன்."

"இல்லை. நான் உள்ளதைச் சொல்லப்போறன். அவையள் என்னைச் செருப்பால அடிச்சாலும் பரவாயில்லை."

அடுத்த நாள் காலை பிணவறைக்கு அவள் போனபோது, சிஞ்ஞோரா செர்வாவும் நாலு பெண்களும் கறுப்பும் சிவப்புமாக உடுத்தி நின்றார்கள். ஆண்களை முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வாளி, புதுத் துணி, வாசனைச் சவர்க்காரம் எல்லாம் வரிசையாக இருந்தன. செர்வா போனில் குமாசியில் இருக்கும் அபெனாவின் தாயை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். தாய் கேட்காமல் கழுவத் தொடங்க முடியாதாம்.

தாய்க்கிழவியின் குரல் இரைச்சலுக்குள்ளால் வந்தது. செர்வா இத்தாலியனில் மாற்றிச் சொன்னாள். "அம்மா கேக்கிறா. என்ர பிள்ளை தண்ணி குடிச்சுத்தான் போனாளோ?"

வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனம் நாக்கின் நுனியில் நின்றது. ஐந்து பெண்களும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். போனுக்குள் கிழவியின் மூச்சுக் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டதும் செலஸ்ரீனாவின் தைரியம் எல்லாம் தண்ணீராய்ப் போயிற்று.

"ஓம். குடிச்சவ," என்றாள்.

"எத்தினை மிடறு?"

"மூண்டு."

மறுமுனையில் கிழவி அழுதாள். அது நெஞ்சாறி அழுகிற அழுகை என்று மொழி தெரியாமலே விளங்கியது. பிறகு நெடுநேரம் ஏதோ சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து செலஸ்ரீனாவின் தோளைத் தொட்டார்கள். செர்வா துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினாள்.

"முகத்தை நீ கழுவு. தண்ணி குடுத்தவள் நீ. அம்மா சொல்லுறா, இண்டையில இருந்து நீயும் தன்ர வயித்தில பிறந்தவள். உன்ர கடைசி நேரம் வரேக்கை, நீ எந்தத் தேசத்தில கிடந்தாலும், எங்கட வீட்டுப் பொம்பிளை ஒருத்தி வந்து உனக்குத் தண்ணி தருவாளாம். சத்தியம் பண்ணிப்போட்டா."

செலஸ்ரீனா துணியை வாங்கவில்லை. போனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள். வாயில் இத்தாலியன் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"நான் குடுக்கேல்லை, அம்மா. அவள் கேட்டவள். என்ர சட்டையைப் பிடிச்சுக் கேட்டவள். பயத்தில விட்டிட்டுப் போனன். எனக்கு ஒருத்தரும் தண்ணி தரவேண்டாம், அம்மா."

அவளுடைய ஊர்ச் செபமாக்கும் என்று நினைத்துப் பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். அவள் நிறுத்தியதும் ஐந்து பேரும் "ஆமென்" என்றார்கள். போனுக்குள் கிழவியும் சொன்னாள்.