மறுமுனையில் மச்சினன்

பந்தயம் முடிந்த மறுநாள் என்னால் படி இறங்க முடியவில்லை. ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் உயிர் போகிற வேலை என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் சுரங்கப்பாதையில், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன். "பாவம், கண்ணு தெரியாதவர், வழி விடுங்க" என்று யாரோ ஒரு அம்மா கூட்டத்தை விலக்கினாள். கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தாயே, போனது தொடை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வழி கிடைக்கிற வரைக்கும் லாபம்தானே.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் போன் எடுப்பது என் வேலை. வருகிற அழைப்பை எடுத்து, விஷயத்தைக் கேட்டு, உரிய ஆளுக்கு மாற்றி விடுவேன். அன்றைக்கு மேலாளர் எல்லோரையும் வரவழைத்து எனக்காகக் கைதட்ட வைத்தார். கண் தெரியாமல் எப்படி ஓடினீர்கள் என்று கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் கேட்டாள். காலால்தான் என்றேன். சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். என்னைப் பார்த்தால் தங்களுக்கும் ஓடவேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னவர்கள், ஒரே ஒரு மாடி ஏற லிஃப்டுக்குக் காத்து நின்றார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் என்னோடு அடிக்கு அடி ஓடியவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு மெடல்கூடத் தரவில்லை. துணைக்கு ஓடுகிறவன் கணக்கிலேயே வரமாட்டான். முடிகிற கோட்டைக்கூட அவன் எனக்குப் பின்னால்தான் தாண்டவேண்டும். முன்னால் தாண்டிவிட்டால் என் ஓட்டமே செல்லாது.

அவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். வார்த்தைகளைக் காசு கொடுத்து வாங்குகிறவன்போல் செலவழிப்பான். வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் ஊமை. எங்கள் கல்யாணத்தன்று அவன் என்னிடம் பேசியது மொத்தமே "வாங்க மாமா", "சாப்பிடுங்க மாமா" இரண்டும்தான். குருடனுக்கு ஊமை மச்சினன், நல்ல ஜோடிப் பொருத்தம் என்று நான் என் மனைவியைச் சீண்டுவேன். நடுவில் நான் ஒருத்தி ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசறேனே, போதாதா என்பாள் அவள்.

உண்மையில் பேசித் தீர்ப்பாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று பேசிவிட்டு வந்தும் அவளுக்கு அலுக்காது. எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்த நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாக்கியவள் அவள்தான். ஒரு முழம்கூட வராத துணிக்கயிறு. ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். ஓடும்போது பள்ளம், மேடு, நாய் எல்லாவற்றையும் சொல்வாள். கூடவே, எதிரே வருகிறவரின் தொப்பை, யார் வீட்டு மாடியில் துணி நனைகிறது, எல்லாம் வரும். எனக்குத் தெரு முழுக்கத் தெரிந்தது அவள் வாயால்தான். ஒருநாள் திடீரென்று முழு மாரத்தானுக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகு நோய் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதை இப்படி அவசரமாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போனபின் ஒரு விடிகாலையில் மச்சினன் வந்து கதவைத் தட்டினான்.

"ஷூ போடுங்க மாமா."

"எதுக்கு?"

"அக்கா கடைசியா எங்கிட்ட கேட்டுக்கிட்டா. உங்கள ஒரு தடவையாவது முழுசா ஓட வெச்சிடுன்னு."

கேட்டதும் சுருக்கென்று தைத்தது. அவளுக்குப் பேச்சு நின்றுபோன நேரத்தில் நான் அறையில் இல்லை. வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவன்தான் பக்கத்தில் இருந்தான். ஆக, அவளுடைய கடைசி வார்த்தை அவனுக்குப் போயிருக்கிறது. பக்கத்திலேயே காத்துக் கிடந்த புருஷனுக்கு இல்லை. அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்லப்போனால் வயிறு எரிந்தது. ஆனாலும் ஷூ போட்டேன். அவள் சொல்லி நான் தட்டியது கிடையாது.

அன்றிலிருந்து விடியும்போதெல்லாம் வந்தான். ஓட்டம் அவனுக்குப் பிடிக்காது என்பது மூச்சு வாங்குவதிலேயே தெரியும். சிகரெட்டை விட்டான். "இடது." "மேடு." "நாய்." அவ்வளவுதான் அவன் வர்ணனை. ஒரு மாதம் போனபின் "தண்ணி" சேர்ந்தது. அத்தனை தூரம் ஓடியும் அவளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் ஆரம்பிக்கட்டும் என்று நான் இருந்தேன். அவன் எங்கே ஆரம்பிக்கப் போகிறான், கல்லுளிமங்கன்.

பந்தயத்தன்று முப்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் ஒரு திருப்பத்தில் துணி அவிக்கும் பாய்லரின் ஆவி மூக்கில் ஏறியது. அவள் கிடந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தெருப் பக்கமாக இருக்கும். வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. டாக்சி அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் வலி பொறுக்காமல் அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள், அதனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்கு அத்துப்படி. மச்சினன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவன் கவனிக்கவில்லையென்றால் அப்படியே போகட்டும், நாம் ஏன் கிளறவேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, அந்தத் தடை வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதில் தடுக்கிக் குப்புற விழுந்தேன்.

முட்டியில் ரத்தம் வழிந்தது. "மன்னிச்சிடுங்க மாமா, மன்னிச்சிடுங்க" என்று தூக்கி நிறுத்தினான். ஓட்டத்துக்கு நடுவில் அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதன்பிறகு கோடு வரும்வரை ஓடினோமா, இழுத்துக்கொண்டு போனோமா என்று தெரியாது. "நீங்க முன்னால போங்க" என்றான். போனேன். சுற்றிலும் ஒரே கூச்சல். என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, முட்டியைத் துடைத்து மருந்து போட்டு, எப்போதும் தன் பையில் எடுத்துப் போகிற கயிற்றை என் கையில் வைத்துவிட்டு, வர்றேன் மாமா என்று போனான்.

அதன்பின் வரவில்லை.

முதல் வாரம் ஓய்வு என்று எடுத்துக்கொண்டேன். கால் கட்டைவிரல் நகம் ஆட ஆரம்பித்து, ஒருநாள் அலுவலகத்தில் சாக்ஸுக்குள்ளேயே கழன்று வந்தது. வலி போனது. படி இறங்க முடிந்தது. உடம்பு மட்டும் பழைய நேரத்துக்கே எழுந்து, பல் தேய்த்து, ஷூ போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தது. வெளியே பால் வண்டி போகும், பேப்பர் விழும், பக்கத்து வீட்டில் குளிக்கும் சத்தம் கேட்கும். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

போன் பண்ணியிருக்கலாம். நாள் பூராவும் யார் யாரையோ யார் யாரோடோ பேச வைக்கிறவனுக்கு, அந்த ஒரு நம்பரை அழுத்தக் கை வரவில்லை. கொடுத்த வாக்கை அவன் முடித்துவிட்டான். முடித்தவனிடம் இன்னும் வா என்று எந்த முகத்தோடு கேட்பது? என்மேல் பாசத்தால் வந்தவன் இல்லையே, அக்கா சொல்லி வந்தவன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அவள் போனபின் என் கதவைத் தட்டிய ஒரே கை அவனுடையது. அதுவும் நின்றுபோனால், அலுவலகத்தில் ஊரார் குரல், வீட்டில் ரேடியோ, இரண்டுக்கும் நடுவில் என்னுடையவர் என்று எவரும் இல்லாமல் கிழவனாக வேண்டியதுதான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் பொறுமை போய்விட்டது. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் அவன் கம்பெனியின் பொறுப்பு. இந்தப் பக்கத்துக்கு அவன்தான் ஆள். கம்பெனிக்குப் போன் போட்டேன். லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருத்தர்தான் என்றேன். செய்தது அயோக்கியத்தனம். நிஜமாகவே எங்கேயாவது ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று போனை வைத்தபிறகுதான் உறைத்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போய் லிஃப்டுக்குள் போட்டு உட்கார்ந்தேன். அது பாட்டுக்கு என்னையும் சுமந்துகொண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஏறியவர்கள் எந்த மாடி என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது அவன் ஓடி வருவது கேட்டது. ஒரு வருஷம் பக்கத்திலேயே கேட்ட கால், தப்பாது.

"மாமா? உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்குன்னு சொன்னாங்க."

"நான்தான்."

"லிஃப்ட் ஓடுதே."

"லிஃப்டுக்கு என்ன கேடு."

திட்டுவான் என்று நினைத்தேன். கருவிப் பையைக் கீழே வைத்தான். எதையோ திருகினான், மின்விசிறியின் சத்தம் நின்றது, கதவு திறந்தபடியே நின்றுவிட்டது. என் காலருகே தரையில் உட்கார்ந்தான்.

"ஏண்டா வரல?"

"வேலை மாமா."

"எங்கிட்ட கதை விடாத. நான் விழுந்ததுக்கா?"

"நான் பாத்திருக்கணும் மாமா. அந்த வாசல் வந்ததும் கண்ண மூடிட்டேன். மூடிக்கிட்டே ஓடினேன்."

"ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லன்னா அப்புறம் ரோட்ட யாருடா பாக்கறது?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அது எந்த இடம்னு எனக்கும் தெரியும். உனக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவியேன்னு வாய மூடிக்கிட்டு வந்தேன்."

"தெரியுமா?"

"சலவை வாசனை."

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். நானே எடுத்துக் கொடுத்தேன். "அக்காவுக்குக் குடுத்த வாக்கு முடிஞ்சுது, இனி எதுக்குன்னு தோணுது. அதானே? சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." நிறைய நினைத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா எங்கிட்ட எதுவும் கேக்கல மாமா."

"என்ன?"

"நான் உள்ள வந்தப்பவே பேச்சு இல்ல. கையப் பிடிச்சேன். பாத்தா. அவ்வளவுதான்."

"அப்ப ஓட வெக்கச் சொன்னது?"

"நானாச் சொன்னது. அவ இருந்த வீட்டுக்கு வராம என்னால இருக்க முடியல. சும்மா வந்து நின்னா எதுக்கு வந்தேன்னு கேப்பீங்க. அதான். இப்ப போட்டி முடிஞ்சுபோச்சு. இனி என்னத்தச் சொல்லிக்கிட்டு வர்றது?"

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் சொல்லாத ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் இவன்மேல் வயிறெரிந்திருக்கிறேன். எழுந்து எங்கே போவது, லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் சுவர். திரும்ப உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமல் வந்திருக்கிறான். பிடிக்காத ஓட்டத்தை, மழையிலும் பனியிலும், யாரும் கேட்காமல் வந்து ஓடியிருக்கிறான். பாசமில்லை என்று நான் எதை வைத்துச் சொன்னேன்?

"ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்டா. சும்மா வா. என்னால தனியா இருக்க முடியல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"வர்றேன் மாமா" என்றான். பிறகு, "அப்ப அக்கா கடைசியாப் பேசினது உங்ககிட்டதான். என்ன சொன்னா?"

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாளாக அது கடைசி என்று தெரியாமலே வைத்திருந்திருக்கிறேன்.

"நேத்துலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல, போய் சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொன்னா."

"சாப்பிட்டீங்களா?"

"நல்ல பசிடா. கேன்டீன்ல ரெண்டாவது தடவையும் வாங்கி, வயிறு நெறய சாப்பிட்டுட்டு வந்தேன்."

அவன் என் முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.