ஆல்வின் லைக்கரின் மஞ்சள் வரிகள்

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி மாலை நாலேகாலுக்கு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் கிளம்பி, ஆல்வின் லைக்கரின் நூற்றறுபது ஏக்கர் மேல் மட்டும் பதினொரு நிமிடம் ஆலங்கட்டி மழை கொட்டியது. வேலிக்கு வடக்கே இருந்த ரோசலி டிரைலிங்கின் நிலத்தில் ஒரு கட்டிகூட விழவில்லை. வேலிக் கம்பியில் பட்டுத் தெறித்தவையும் மரியாதையாகத் தெற்குப் பக்கமே உருண்டன. அன்று மேற்குக் கான்சாஸில் கோதுமை ஒரு புஷல், அதாவது இருபத்தேழு கிலோ, ஐந்து டாலர் பன்னிரண்டு சென்ட். மறுநாள் அறுக்க வேண்டிய ஆல்வினின் கோதுமை மணி மணியாக மண்ணில் உதிர்ந்தது. ஜூலை மழையில் யாரும் விதைக்காமலே முளைத்து, பச்சைக் கம்பளமாக நின்றது. கல்யாணமே செய்துகொள்ளாத ஆல்வின், அறுபத்து மூன்று வயதில், தன் பதினொரு வெள்ளை மூஞ்சிப் பசுக்களை அதில் மேயவிட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

ரோசலி தினமும் வேலியோரம் வந்து அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுப் போனாள். கோதுமையில் மஞ்சள் வரி நோய் வந்து அவளுடைய அறுவடை தொடர்ந்து இரண்டு வருடம் பொய்த்திருந்தது. மூன்றாவதும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டென்வரில் மகன் வீட்டுக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அது ஏழாவது மாடி. லிஃப்டில் எப்போதும் அடுத்தவர் வீட்டு சூப் வாசனை. கணவன் போன பிறகு ஒன்பது வருடம் தனியாளாக டிராக்டர் ஓட்டியவளுக்கு அந்த லிஃப்ட் கனவில் வந்தது.

மாவட்ட வேளாண் அலுவலர் ஒரு பூதக்கண்ணாடியுடன் வந்து, ஆல்வின் பக்கத்து இலை ஒன்றை வேலிக்கு மேலாக எட்டிப் பறித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வெள்ளைச் சிலந்திப்பேன்கள் இலை நுனியில் வாலை ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நிமிர்ந்து நின்றன. தெற்குக் காற்று வந்ததும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன.

"இந்தப் பேனுக்கும் மருந்து கிடையாது, அது கொண்டு வர்ற வைரஸுக்கும் கிடையாதும்மா. நீங்க விதைக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அந்தப் பச்சை மொத்தமும் செத்திருக்கணும். அவர்கிட்டச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்களேன்."

"ஐயையோ, அது அவர் நிலமாச்சே!"

அந்த ஊரில் அடுத்தவர் நிலத்தைப் பற்றியும் அடுத்தவர் உடம்பைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு ரோசலி ஆல்வின் வீட்டுக்குப் போனாள்; காற்றைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள். மறுவாரமும் போனாள்; பாதிரியாரின் நீண்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில் பசுக்களின் வெள்ளை மூஞ்சியில் மஞ்சள் வரிகள் தோன்றின, விட்டுவிட்டு, கோதுமை இலையில் விழுவது போலவே. அடுத்து நாய்க்கு. அதற்கடுத்த புதன்கிழமை பிக்கப் வண்டியின் கதவுக்கு. வெள்ளியன்று ஆல்வினுக்கே, நெற்றியிலிருந்து கழுத்துப் பட்டை வரைக்கும். கூட்டுறவுக் கிடங்கில் காலை ஆறு மணிக்குக் காப்பி குடிக்கும் எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. முடிதிருத்துபவர் வரிகளை அனுசரித்தே வகிடு எடுத்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மழை இல்லையே என்று வருத்தப்பட்டார். பாதிரியார் வரி விழுந்த நாக்கில் நற்கருணை அப்பத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் இருபத்தெட்டில் ரோசலி விதைக்க வேண்டும். அப்படியானால் பதினான்குக்குள் அந்தப் பச்சை சாக வேண்டும். பத்தாம் தேதி சிலந்திப்பேன்கள் அவளுடைய வெறும் நிலத்தில் இறங்கி, எதுவும் முளைக்கவில்லை என்று கண்டு, மாலையில் வீசிய வடகாற்றைப் பிடித்து ஒழுங்காகத் திரும்பிப் போயின. பன்னிரண்டாம் தேதி அவளுடைய இடது சுண்டுவிரலில் ஒரே ஒரு மஞ்சள் கோடு இருந்தது. காலில் ரப்பர் செருப்போடு நேராகக் கிடங்குக்கு வண்டியை ஓட்டிப்போனாள்; ஆல்வின் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆல்வின், உன் நிலத்துல தானா முளைச்சு நிக்குதே, அதை அழிச்சுடு. நாளைக்குள்ள."

எட்டுக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. எல்டன் என்ற கிழவர் மட்டும் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் தெக்கால..."

"காத்தைப் பத்திப் பேசினே, இந்தக் காப்பி உன் தலைமேலதான்! ஆல்வின், உன் மூஞ்சி முழுக்க மஞ்சள் வரி. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றார் ஆல்வின் மெதுவாக.

"அது கோதுமைக்கு வர்ற நோய். அந்தப் பயிர்லேருந்துதான் உனக்கு வந்திருக்கு. இதோ, எனக்கும் வந்தாச்சு."

அவர் அவள் விரலை வெகுநேரம் பார்த்தார். "கோதுமைக்கு வர்றதா? வெறும் கோதுமைக்கு வர்றதுதானா?"

"ஆமாய்யா!"

ஆல்வின் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். பசுக்களைக் கொட்டகையில் அடைத்தார்; சட்டிக்கலப்பையைப் பூட்டி அன்று முழுக்க, மறுநாள் முழுக்க உழுதார். பதினான்காம் தேதி அலுவலர் நூற்றறுபது ஏக்கரையும் நடந்து பார்த்து, ஒரு பச்சை இலைகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார். காற்றில் ஏற வரிசையில் நின்ற பேன்கள் கீழே இலை இல்லாததால் அங்கேயே பட்டினி கிடந்து செத்தன. ரோசலி குறித்த நாளில் விதைத்தாள். அடுத்த ஜூனில் ஏக்கருக்கு ஐம்பத்திரண்டு புஷல் அறுத்தாள். ஏழாவது மாடியில் அவளுக்காக ஒதுக்கியிருந்த அறையில் மகன் சைக்கிள் வைத்துக்கொண்டான்.

வரிகள் போகவில்லை. அந்தப் பசுக்களின் கன்றுகள் வரியோடே பிறந்தன. வியாபாரிகள் இரண்டே வருடத்தில் அதை ஒரு ஜாதி மாடாக நினைத்துப் பேரம் பேசத் தொடங்கினார்கள். ஆல்வினின் ஓட்டுநர் உரிமத்தில் அடையாளம் என்ற இடத்தில் மஞ்சள் என்று எழுதியிருக்கிறது. இப்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அந்த ஐம்பத்திரண்டு புஷல் அறுவடையின் கடைசி நாள், வேலியோரம் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் ரோசலி கேட்டாள், அந்தக் கோடை முழுக்க உழாமல் ஏன் விட்டுவைத்தாய் என்று. ஆல்வின் வரி விழுந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல மாட்டுக்குத் தீனியாச்சேன்னு விட்டேன். அப்புறம் வரி வந்தப்போ ஊர்ல ஒருத்தரும் என் மூஞ்சியைப் பத்திப் பேசலையே, ரோசலி. டாக்டர்கூடப் பேசல. சரி, சாகப்போறேன்னு நெனச்சேன். சாகப்போறவன் எதுக்கு உழணும்?"