ஆண்டியை வைய ஒரு பாலம்

சேலம் கடைவீதியில் தண்டவாளத்துக்கு மேலே 1934-இல் கட்டிய பாலத்தில், கீழே ரயில் வந்தால் மேலே போகிறவர்களுக்குக் கால் எழும்பாது. மாட்டுக்கும் அப்படித்தான். சைக்கிள் மட்டும் கொஞ்சம் உருண்டு பார்த்துவிட்டு நிற்கும்.

முன்பு அங்கே ரயில்வே கேட் இருந்தது. அதை மூடித் திறக்க ஆண்டி இருந்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். யாரும் அவனைச் சௌக்கியமா என்று கேட்டதில்லை. ஆனால் கேட் மூடினால் ஊரே வைதது. மல்லசமுத்திரத்துக் கடலை வண்டிக்காரர்கள் அவன் பரம்பரையையே இழுத்தார்கள். தயிர்க்காரி மயிலம்மாள்தான் அதில் கெட்டி. "ஏப்பா ஆண்டி, ரயிலு என்ன உன்ற ஊட்டு மாப்பிள்ளையா? தயிரு புளிச்சுப் போவுது!" என்பாள். "இதா வந்துருச்சுங்கக்கா" என்பான். நாளெல்லாம் அவன் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

பாலம் வந்தது. வீதி நெருக்கம், ஏற்றத்துக்கு இடமில்லை. வீதியையே மண் கொட்டி உயர்த்தியதில் இருபுறத்து வீட்டு வாசல்களும் மண்ணுக்குள் போயின. சனங்கள் மாடிச் சன்னலை அகலமாக்கி வாசலென்று கோலம் போட்டுக்கொண்டார்கள். ஆண்டி மட்டும் இஞ்சினியரிடம், "இனி நம்மள யாருங்க வெய்யறது?" என்று கேட்டான். திட்டத்தில் அதற்கு வகை செய்யப்பட்டிருக்கவில்லை.

கேட்டைக் கழற்றியவர்கள் ஆண்டியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கொடியோடு அவன் பாலத்தடியில் நின்றான். ஊர் அவன் தலைக்கு மேலே போயிற்று. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. சில மாதத்தில் பேச்சு மறந்து, வாயைத் திறந்தால் கரிப்புகைதான் வந்தது.

ஓர் ஆடி மாதத்து உச்சிவேளையில் பாசஞ்சர் கீழே நுழைந்தபோது மேலே எல்லாருக்கும் கால் ஒட்டிக்கொண்டது. ரயில் போயும் விடவில்லை. பானையில் தயிர் புளிக்கிற வாடை வந்ததும், மயிலம்மாள் பழக்கதோஷத்தில் கைப்பிடிச் சுவரை எட்டி, "அடேய் ஆண்டி! செத்துக் கித்துத் தொலைஞ்சியா?" என்று கத்தினாள். கீழே ஒரு நீண்ட இருமல், பிறகு, "இதா வந்துருச்சுங்கக்கா." கால்கள் விட்டன.

அதிலிருந்து அதுவே முறை. ஆளில்லாத பொங்கலன்று வந்த ஓர் அதிகாரி, "மிஸ்டர் ஆண்டி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பொழுது சாயும்வரை கால் ஒட்டி நின்றார்.

யுத்த காலத்தில் ஆண்டி செத்தான். மறுநாளும் ரயில் வந்தது, கால்கள் ஒட்டின. செத்தவனை வைய யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் மயிலம்மாள்தான், "ஏண்டா, போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவ மாட்டியா?" என்றாள். கால் மட்டும் விட்டது.

இப்போதும் அப்படித்தான். எருமப்பட்டிப் பக்கமிருந்து வரும் பஸ் பாலத்தில் நின்றால் கண்டக்டர் திரும்பிச் சொல்கிறார்: "ஆண்டிய யாராச்சும் ஏதாச்சும் சொல்லுங்க, நேரமாவுது."