ஐந்தால் பெருக்கியது

1954 சாரலில் குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தோடு காலராவும் வந்தது. நான் தென்காசியில் சுகாதார இன்ஸ்பெக்டர். கிணறு கிணறாக ப்ளீச்சிங் பவுடர் போடவேண்டும். கிணற்றின் அகலத்தை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் இத்தனை கேலன் தண்ணீர். அதற்குத் தக்க பவுடர். அது என்ன ஐந்து என்று எவனாவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். போட்டிருக்கு, பெருக்குலே என்பேன்.

வடகரை நெசவாளர் தெருவுக்குப் போன அன்று அளவு டேப்பைக் குற்றாலத்துக் கிணறுகளுக்கு மருந்து போடும் ஆள் கொண்டுபோயிருந்தான். தறிக்காரர் யாக்கூப் ஓடிப்போய் ஒரு கயிற்றில் அளவாக முடிச்சுப் போட்டு எடுத்துவந்தார். அகலம் எட்டு முடிச்சு, தண்ணீர் ஆறு முடிச்சு. அடி என்று எழுதிக்கொண்டேன். அது எட்டடிக் கிணறு இல்லை என்று பார்த்தாலே தெரியும். நான் நோட்டைத்தான் பார்த்தேன்.

யாக்கூப்பின் மனைவி ரஹ்மத்துன்னிசாவுக்கு ஏழு மாதம். பயந்துபோய்த் தண்ணீரைக் காய்ச்சியே குடிக்கிறாளாம். விறகெல்லாம் நனைந்துவிட்டது, இனியும் காய்ச்சவேண்டுமா என்று கேட்கச் சொன்னாளாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதான் மருந்து போட்டாச்சுல்லா பாய். பிறகு எதுக்குக் காய்ச்சணும்? சும்மா குடிக்கச் சொல்லும்."

ஐந்தாம் நாள் அவள் காலராவில் இறந்துபோனாள். ஈயைத் திட்டினேன், இட்லிக் கடைக்காரனைத் திட்டினேன், அருவியில் குளிக்க வந்தவர்களைத் திட்டினேன்.

மையவாடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெண்கள் அவள் உடலை ஒரு கயிற்றால் அளந்து, நீளத்துக்கு அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதே கயிறு. குழியோரம் விரித்தபோது எண்ணினேன். மூன்றரை முடிச்சு. வளர்ந்த பெண் மூன்றரை அடியா?

"பாய், முடிச்சுக்கு ஒரு அடிதான?"

"முழம்லா அண்ணாச்சி. தறிக்காரன் கையில அடி ஏது?"

முழத்துக்கு ஒன்றரை அடி. மனசு தானாகப் பெருக்கியது. அந்தக் கிணற்றில் நான் எழுதியதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தண்ணீர். பாவி, மூன்றில் ஒரு பங்கு மருந்துகூட நான் போடவில்லை.

குழி வெட்டுகிறவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் வந்தது. யாக்கூப் எனக்கும் ஒரு செம்பு மொண்டு நீட்டினார்.

"குடிங்க அண்ணாச்சி. நீங்க மருந்து போட்ட கிணத்துத் தண்ணிதான்."

செம்பை மண்ணில் கவிழ்த்தேன். குடத்தையும் கவிழ்த்தேன். யாரும் இதைக் குடிக்கக்கூடாது, மருந்து பற்றாது, அளவைக் கேட்காமல் போட்டது நான், காய்ச்சவேண்டாம் என்றதும் நான் என்று எல்லார் முன்னும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

யாக்கூப் குனிந்து கயிற்றை எடுத்தார். ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்ப நான் போட்ட முடிச்சா அண்ணாச்சி?"

இல்லை, இல்லை என்று கத்தினேன். அவர் அடுத்த முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.