மார்லிஸ் கொடுத்த நல்ல ரத்தம்

மார்லிஸ் டோர்கெல்சனுக்கு அன்று காலையிலிருந்தே எல்லார் மேலும் எரிச்சல். கணிப்பொறித் திரையில் தெரிந்த படம் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. தூங்கும் என்று அவள் எதிர்பார்த்த செல்கள் ஜம்மென்று எழுந்து பெருகியிருந்தன. எழ வேண்டியவை அசையாமல் கிடந்தன.

"யோவ் டுவேன்! இங்க வா. நீ அடிச்ச கூத்த நீயே பாரு!"

டுவேன் கோவால்சிக் காபியோடு நிதானமாக வந்தான். மினசோட்டாவில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக இருவரும் ஒன்றாகக் குப்பை கொட்டுகிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து, கிருமிகளை எதிர்க்கும் டி செல்களைப் பிரித்தெடுத்து, அவை சண்டைக்கு எழுகின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை.

டி செல் லேசில் எழாது. வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்துவிடாத உஷாரான வீட்டுக்காரர் மாதிரி அது. மணியும் அடிக்க வேண்டும், தெரிந்த குரலும் கூப்பிட வேண்டும். வேறொரு செல் கிருமியின் துண்டைக் கொண்டுவந்து காட்டுவது முதல் சைகை. "ஆமாம், ஆபத்துதான்" என்று உறுதி சொல்வது இரண்டாவது. முதல் சைகை மட்டும் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அப்புறம் இடியே விழுந்தாலும் எழாது. அதனால் கூடத்தில் இரண்டு சைகைக்கும் உரிய மருந்துகளைச் சேர்த்தே ஊற்றுவார்கள்.

இந்த முறை வந்த ரத்தம் ஓட்டிஸ் என்ற மூன்று மாதக் குழந்தையுடையது. பிறந்தபோதே டி செல் குறைவு என்று கண்டுபிடித்திருந்தார்கள். இருக்கிற கொஞ்சமாவது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. செய்யவில்லையென்றால் அவனுடைய எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிட்டு, அக்காவின் மஜ்ஜையை ஏற்ற வேண்டும். அந்த மருந்தை அத்தனை சின்ன உடம்பு தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கூடவே ஒரு நல்ல ரத்தத்தையும் சோதிப்பது வழக்கம். அதற்குக் கூடத்து ஆட்களே முறை வைத்துக் கையை நீட்டுவார்கள். இந்த முறை மார்லிஸின் முறை.

"குழந்தையோட செல்லு குதியாட்டம் போடுது, என் செல்லு செத்த பாம்பாட்டம் கிடக்குது. குழாய மாத்தி வச்சிட்ட."

"மாத்தல."

"அப்ப எனக்கு ரெண்டாவது மருந்த ஊத்த மறந்துட்ட."

"ஒரே குப்பில கலந்துதான் தாயே ரெண்டு பேருக்கும் ஊத்தினேன். ஏன், உன் செல்லு தூங்கவே கூடாதுன்னு சட்டமா?"

"இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது தூங்கியிருக்கா? சொல்லு!"

டுவேன் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அலறியது. ஓட்டிஸுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஹால்வர்சன். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ, அவளுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது.

"மார்லிஸ், இங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். மருந்த ஆரம்பிக்கறதா வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

இன்னும் சரிபார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "எழல டாக்டர். குழந்தையோட செல்லு எழல. குழாய் மாறிப்போச்சு, அதான் தாமதம். அறிக்கை அப்புறம் வரும்" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டாள்.

டுவேன் காபியைக் கீழே வைத்தான். "எழுந்ததா எழலையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன, நோயாளிப் புள்ளையோடது எழுந்து, என்னோடது தூங்குமா? அறிவிருக்கா உனக்கு?"

அவன் மிச்சமிருந்த செல்களை எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்களுக்கு ரத்த வகை தெரிந்திருப்பது போல இந்தக் கூடத்து ஆட்களுக்குத் தங்கள் திசு வகை அத்துப்படி. மார்லிஸின் செல்களில் ஏ-டூ என்றொரு அடையாளம் உண்டு; ஓட்டிஸுக்குக் கிடையாது. அதில் மட்டும் ஒட்டுகிற சாயத்தைப் போட்டு இயந்திரத்தில் விட்டால் யாருடையது எது என்று தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்துத் திரும்பி வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"குழாய் மாறல. தூங்கறது நீதான் மார்லிஸ்."

அவளுக்குச் சுருக்கென்றது. முழங்கையைச் சொறிந்தாள். டுவேன் அவள் சட்டைக் கையைத் தள்ளிப் பார்த்தான். சிவந்து கொப்புளித்திருந்தது.

"என்ன இது?"

"ஏரிக்கரை வீட்டுல களை பிடுங்கினேன். பாய்சன் ஐவின்னு ஒரு அரிப்புக் கொடி, அது பட்டுடுச்சு. எங்க வீட்டு டாக்டர் மாத்திரை குடுத்தாரு."

"என்ன மாத்திரை?"

"ஸ்டீராய்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டி செல்லைத் தாலாட்டித் தூங்கவைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. வெளியாள் யாராவது ரத்தம் கொடுக்க வந்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் மார்லிஸ் ஊசியைத் தொடவே மாட்டாள். கூடத்து ஆட்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. சொந்த வீட்டுக்குள் வருகிறவரை நிறுத்தி யார் விசாரிப்பார்கள்?

ஹால்வர்சனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேண்டாதபோது விடாமல் கூப்பிடுகிற மனுஷன் வேண்டும்போது எடுக்கமாட்டார் என்று திட்டிக்கொண்டே குழந்தைகள் பிரிவுக்கு ஓடினாள்.

நர்ஸ் மருந்துப் பையைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! அத எறக்குங்க!"

டாக்டர் திரும்பினார். "என்ன மார்லிஸ் இது?"

"குழந்தையோட செல்லு எழுந்திருக்கு டாக்டர். நல்லாவே எழுந்திருக்கு. தூங்கினது என்னோடது. நான் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தேன்."

"எழலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான். சரிபார்க்காம சொல்லிட்டேன்."

ஹால்வர்சன் கண்ணை மூடித் திறந்தார். பையை எடுத்துவிடச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார்.

கட்டிலோரம் குழந்தையின் அம்மா ட்ரூடி நின்றிருந்தாள். உடம்பை மூடிய அங்கி, கையுறை, முகக்கவசம். கிருமி தொற்றிவிடக் கூடாதென்று, பெற்ற பிள்ளைக்கு அவள் வெறும் முகத்தோடு ஒரு முத்தம் கொடுத்தே பல வாரமாகிறது.

"அப்ப இவனுக்கு மருந்து வேண்டாமா?"

"இப்ப வேண்டாங்க" என்றாள் மார்லிஸ். "ஆனா உறுதிப்படுத்த இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்."

"இன்னொரு தடவயா?" ட்ரூடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இவரு வந்து உன் புள்ளையோட செல்லு எழலன்னாரு. அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். இப்ப நீங்க வந்து எழுந்துடுச்சுங்கறீங்க. சாயங்காலம் யாரு வந்து என்ன சொல்லப்போறீங்க?"

காலையிலிருந்து ஆளுக்கொரு வசவு வைத்திருந்த மார்லிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப நல்லாப் பார்த்துட்டுத்தாங்க சொல்றேன்" என்றாள்.

"அப்பவும் பார்த்திருக்கலாமே."

ஓட்டிஸ் கையை நீட்டி அம்மாவின் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தான். ட்ரூடி அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, கவசத்தை மறுபடி மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.