றோஸிக்கு எடுத்துவைத்த வைப்பர்

வலன்ரைனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு வாசலில் ஒரு பழைய ஒஸ்ரின் கார் நின்றது. எழுபத்து மூன்றாம் ஆண்டு. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன காலம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பர் றப்பர் கேட்டால், "நே மாத்தயா", இல்லை ஐயா என்று கையை விரித்தார்கள்.

காரை அவர் விற்காமல் வைத்திருந்தது மகளுக்காகத்தான். றோஸிக்கு இருபது வயது. இரத்தத்தில் வருத்தம். கிழமைக்கொருதரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். பஸ்ஸில் இடிபட்டுப் போக அவளால் முடியாது. மழை பெய்தாலும் கார் ஓடியாக வேண்டும்.

அதனால் இருந்த வைப்பர்களைத் தேயவிடாமல் பார்த்துக்கொண்டார். துறைமுகப் பக்கத்துக் கரியும் உப்பும் கண்ணாடியில் படியும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். காய்ந்த கண்ணாடியில் ஒருநாளும் வைப்பரைப் போடமாட்டார். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து றப்பரின் ஓரத்தை மெல்லத் துடைப்பார். வெயிலில் காரை விட்டால் வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி, அடியில் துணி மடித்து வைப்பார்.

"அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ. அப்பா வைப்பருக்கு முகம் கழுவுறார்" என்று றோஸி ஜன்னலிலிருந்து சிரிப்பாள்.

ஒருநாள், அவரோடு வேலைசெய்யும் சிறில் கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லிப் புது வைப்பர் சோடி ஒன்று எடுத்துக்கொடுத்தான். வலன்ரைன் அதைப் பூட்டவில்லை. அலுமாரியில் வைத்தார்.

"றோஸி சுகமாகட்டும். மடு மாதா கோயிலுக்குப் போகேக்கை போடுவம்" என்றார். அவர் மனைவி ஐறீன் அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

வைகாசி மழையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய றப்பர் கிழிந்து தொங்கியது. பாதை தெரியவில்லை. வலன்ரைன் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார்.

"மழை கொஞ்சம் விடட்டும், மகள்."

"எனக்கு ஒரு அவசரமும் இல்லை அப்பா." றோஸி சீற்றில் தலையைச் சாய்த்திருந்தாள். "வீட்டை போனதும் அந்தப் புதுசைப் போடுங்கோ. எனக்குச் சுகம் வருமட்டும் வைச்சிருந்தா, அது அலுமாரிக்கையே காய்ஞ்சு வெடிச்சுப் போயிடும்."

"என்ன கதை கதைக்கிறாய்? வாயை மூடு!"

அவர் அவளை அப்படி ஏசியதே இல்லை. றோஸி கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள். மழை விடும்வரை கையை எடுக்கவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியிலேயே றோஸி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் வலன்ரைன் புது வைப்பர்களைச் சிறிலிடமே திருப்பிக் கொடுத்தார். காரையும் விற்றுவிட்டார். வீட்டில் அவரும் ஐறீனும் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தை அவள் பார்ப்பதில்லை. அவள் முகத்தை அவரும் பார்ப்பதில்லை.

மாதம்பிட்டி மயானத்துக்குப் போக ஒரு ஞாயிறு பஸ் ஏறினார்கள். பக்கத்தில் இருந்த ஐறீனிடம் அவர் திடீரென்று சொன்னார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருந்தது ஐறீன். காருக்குள்ளை என்னட்டைச் சொன்னவள். நான் ஏசிப்போட்டன். உனக்குச் சொன்னா நீ தாங்கமாட்டாய் எண்டு மறைச்சிட்டன்."

ஐறீன் கையிலிருந்த பூப்பையை இறுகப் பிடித்தாள்.

"எனக்கும் சொன்னவள். மாசிமாசமே சொன்னவள். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, அவர் தாங்கமாட்டார் எண்டவள்."

வலன்ரைன் அவளைப் பார்த்தார். இத்தனை மாதமும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், இவளும் தனியாகத்தான் அழுதிருக்கிறாள்.

அவர் வாய்விட்டு அழத் தொடங்கினார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது. ஐறீன் மணியடிக்கவில்லை, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவளும் அழுதாள்.