பூச்சியம் என்று வந்த மரம்

குண்டுவீச்சுக்கு ஒளிக்க வெட்டிய பங்கர் குழியை மூடப் பஞ்சலிங்கத்துக்கு ஒரு மரம் குறைந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. குண்டு போடும் பொம்மர் நினைத்த நேரத்துக்கு வந்து போனது. எல்லாரும் பங்கருக்கென்று தறித்துவிட்டார்கள், தலைகீழாய் நின்றாலும் ஊரில் ஒரு பனங்குற்றி கிடைக்காது.

வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். முகட்டிலிருந்து இறங்கும் இரண்டு சாய்மரங்கள், அவற்றின் கால்களைச் சேர்த்துக் கிடையாக ஓடும் வளை. முகட்டுக்கும் வளைக்கும் நடுவே ஒரு குத்துமரம், நல்ல வைரமான பாலை. அது அங்கே சும்மா நிற்பதாகத்தான் அவனுக்குப் பட்டது.

ஆனால் தன் புத்தியை நம்பிக் கூரையில் கைவைக்க அவனுக்குத் துணிவில்லை. மனைவி பாலேஸ்வரியைக் கூப்பிட்டான். ஒருகாலம் இருவரும் ஒரே ரியூட்டறி வகுப்பில் பிரயோக கணிதம் படித்தவர்கள். மாஸ்டர் கரும்பலகையில் கோல்களைப் பொருத்திய சட்டப்படலைக் கீறி முடிக்கமுன்னமே எந்தக் கோலில் இழுவை, எதில் உதைப்பு, எதில் ஒன்றுமேயில்லை என்று அவள் சொல்லிவிடுவாள். இவன் கணக்கை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சோதனையில் அதற்குரிய பலனும் கிடைத்தது. இருந்தாலும் கிடுகு வேய்ந்த அந்த வகுப்புக் கொட்டிலையும் சோக்கட்டி பிடித்த அவளுடைய கையையும் நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு நெஞ்சு இனிக்கும். அப்படியொரு காலம் இனி எங்கே வரப்போகிறது.

"நீர் ஒருக்காப் பாரும்," என்றான்.

அவள் கரித்துண்டால் கூரையின் மரங்களைச் சுவரில் கீறினாள். பழைய வேகம் அப்படியே இருந்தது. வளையின் நடுமூட்டில் விரலை வைத்தாள். இடமும் வலமும் இழுக்கிற விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், குத்துமரம் மேலே இழுப்பதென்றால் அதற்கு எதிராகக் கீழே ஒன்றுமில்லை, ஆகவே அதில் விசை பூச்சியம் என்று விளக்கினாள். பஞ்சலிங்கம் குதூகலமாய்க் கைவாளை எடுத்தான்.

அவள் நகரவில்லை. அதே மூட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி கீறினாள்.

"அதிலை பாரமொண்டும் இல்லையே," என்றான்.

"பங்குனியிலை பிள்ளைக்குச் சேலையிலை ஏணை அதிலைதானே கட்டவேணும்," என்றாள், சுவரைப் பார்த்தபடி.

பிள்ளைவரம் கேட்டுச் சந்நிதிக் கோயில் வரை நடையாய் நடந்து நேர்த்தி வைத்து அலுத்துப்போயிருந்த மனிதன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். சந்தோசம் பொங்கி வந்தது. அதன் பின்னாலேயே பொம்மரை நினைத்துப் பயமும் வந்தது.

"அந்த அம்புக்குறிக்கு எவ்வளவு பாரம் போடுறது?" என்று மெல்லக் கேட்டான்.

"பிறந்தாப்போலை நிறுத்துப் பாருங்கோ."

பின்னேரம் குத்துமரத்தைத் தொடாமல் தங்கள் அறைக் கதவைக் கழற்றிப் பங்கரை மூடினான். பிறகு உள்ளே வந்து கதிரையில் ஏறி, வளையின் நடுவை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழுப் பாரத்தோடும் தொங்கினான். பாலேஸ்வரி சிரித்துச் சிரித்து இறங்கச் சொல்லியும் அவன் இறங்கவில்லை.